கேட்டதும் கொடுப்பதா, கணக்குப் பார்த்துக் கொடுப்பதா?

மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கை அடுத்தவருக்கென்று ஒதுக்குவதாக முடிவெடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பது அப்புறம். முதலில் அது யாருக்குப் போக வேண்டும்? எதிரே நின்று கை நீட்டுகிறவருக்கா, 'அவசரம், யாரிடமும் சொல்லாதே' என்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிற பழைய சிநேகிதருக்கா, இல்லை நாம் வாழ்நாளில் போகவே போகாத ஒரு நாட்டில் கொசுவலை கொடுக்கிற அமைப்புக்கா? நம் மொழியைக் கேட்டால் அது இரண்டு பக்கமும் பேசும். சின்ன வயதில் 'ஐயமிட்டு உண்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு', 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று காதில் ஓதும்.

அந்தப் பதினொரு மணிச் செய்தி எனக்கு நிஜமாகவே வந்தது. ஆறேழு வருடம் பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர். மனைவிக்கு அறுவை சிகிச்சை என்றார். தொகை சின்னதில்லை. நம்புவதா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இதைப் பற்றி யோசித்து வைத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முதல் நான்கு நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ எழுத்துகள், இன்னொரு பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டிலிருந்து இன்றைய பீட்டர் சிங்கர் வரைக்குமான நவீன அறவியல். பழையவர்கள் 'கண்ணை மூடிக்கொண்டு கொடு' என்பார்கள், புதியவர்கள் 'கணக்குப் போட்டுக் கொடு' என்பார்கள், நமக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன். அந்த எண்ணம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

முதல் பக்கம் என்றால் டிடாக்கேயின் முதல் பக்கம். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற பெயரில் வரும் சின்ன நூல் அது, பைபிளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்று. பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1056இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியாக கான்ஸ்டாண்டிநோபிளில் 1873இல் கண்ணில் பட்டு, 1883இல் அச்சானது. அதன் முதல் அதிகாரத்தில், கேட்கிற எவருக்கும் கொடு, திருப்பிக் கேட்காதே என்று இருக்கிறது. தேவை இல்லாமல் வாங்குகிறவன் ஏன் வாங்கினான் என்று பதில் சொல்லியாக வேண்டும், கடைசிக் காசைக் கொடுத்துத் தீர்க்கும்வரை வெளியே வர முடியாது என்கிறது. அதாவது விசாரணை உண்டு, ஆனால் அதை நடத்துகிற ஆள் நீ இல்லை. சரி, நாம் எதிர்பார்த்ததுதான் என்று நிமிர்ந்தால் அடுத்த வரி வேறு மாதிரி போகிறது: யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரிகிறவரை உன் தர்மம் உன் கையிலேயே வியர்த்துக்கொண்டிருக்கட்டும்.

காசை இறுக்கிப் பிடித்த உள்ளங்கை ஈரமாவதை நினைத்துப் பாருங்கள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஒரே அதிகாரத்தில், அடுத்தடுத்த வரிகளில், இரண்டு எதிர் உத்தரவுகள். இது போதாதென்று அந்த நூல் பின்னால் இன்னும் உஷாராகிவிடுகிறது. வழிப்போக்கன் வந்தால் உதவு, ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்க விடாதே, தங்கியே ஆக வேண்டும் என்றால் வேலை செய்து சாப்பிடட்டும் என்கிறது. ஆவி வந்து பேசுவதாகச் சொல்லி 'எனக்குப் பணம் கொடு' என்கிறவன் பேச்சைக் கேட்காதே, இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொன்னால் மட்டும் அவனைக் குறை சொல்லாதே என்று ஒரு விதி வேறு. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டவர்கள் எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது.

கேள்வி கேட்காதே என்ற கட்சியும் அங்கே பலமாக இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய ஹெர்மாஸ், யாருக்குக் கொடுப்பது யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்று தயங்காமல் எல்லாருக்கும் கொடு என்கிறார். 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, பணக்காரனுக்கு மீட்பு உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு நூலே எழுதினார். அதில், யார் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்று நீயே தரம் பிரிக்கப் போனால் கடவுளுக்கு வேண்டியவர்களைத் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது என்று ஒரு வாதம் வருகிறது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள், இதுவும் ஒரு வகைக் கணக்குதான். தகுதியில்லாத பத்துப் பேருக்குப் போனால் நஷ்டம் காசு மட்டும். தகுதியுள்ள ஒருவரை விட்டுவிட்டால் நஷ்டம் வேறு. எந்தப் பக்கம் தவறு செய்வது மலிவு என்று பார்க்கிறார் மனிதர்.

இந்தக் கட்சியில் ரொம்பக் கறாரானவர் அந்தியோக்கியாவில் பிரசங்கம் செய்த ஜான் கிறிசோஸ்தோம். நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. தர்மம் செய்கிறவன் துறைமுகம் மாதிரி என்கிறார். கப்பல் உடைந்து வருகிறவனை நல்லவனா கெட்டவனா என்று துறைமுகம் விசாரிப்பதில்லை. பிச்சைக்காரர்கள் நடிக்கிறார்கள் என்ற புகார் அவர் காலத்திலும் இருந்திருக்கிறது. அதற்கு அவர் பதில் சொல்லும் இடம் படிக்கச் சங்கடமானது. தேய்ந்த செருப்பின் தோலை மென்று காட்டுகிறவர்கள், கூரான ஆணியைத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள், உறைந்த குளத்து நீரில் துணி மூடாத வயிற்றோடு கிடக்கிறவர்கள் என்று அந்த நகரத் தெருக்களில் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறார், சொல்லிவிட்டு, இந்தக் கூத்தை ஆட வைத்தது யார் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களைத் திருப்பிக் கேட்கிறார். சும்மா கேட்டபோது நீங்கள் கொடுத்திருந்தால் அவன் ஏன் ஆணியை எடுக்கப் போகிறான்? ஏமாற்றுகிறான் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்கிற யாரும் இந்தப் பகுதியை ஒரு முறை படிக்க வேண்டும். நான் படித்தபோது எனக்கு வந்த செய்தியில் இருந்த 'அவசரம்' என்ற சொல்லைத்தான் நினைத்துக்கொண்டேன். அவசரம் என்று போடாமல் இருந்திருந்தால் நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிராக, அதே நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவில் ஆயராக இருந்த பசிலியாரின் கடிதத் தொகுப்பில் வேறொருவர் பெயரில் எழுதப்பட்ட ஒரு கடிதம், அவருடைய கருத்தாக இதைச் சொல்கிறது: உண்மையான தேவைக்கும் பேராசையில் கேட்பதற்கும் வித்தியாசம் தெரிய அனுபவம் வேண்டும், சுற்றித் திரிகிற எல்லாருக்கும் போடுவது நாய்க்குப் போடுவது மாதிரி. ஆகவே அனுபவம் உள்ளவர் கையில் கொடுத்துவிடு, அவர் பகிர்ந்து கொடுக்கட்டும் என்று போகிறது அது. மூன்றாவதாக ஒரு வழி இங்கே திறக்கிறது. பொதுப் பெட்டி.

அந்தப் பெட்டி வெறும் யோசனையாக இல்லாமல் நடந்த காரியம் என்பதால் அதைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. 155 வாக்கில் ஜஸ்டின் எழுதியதில், ஞாயிற்றுக்கிழமை கூடும்போது வசதி உள்ளவர்கள் விருப்பப்படி கொடுப்பதும், தலைமை தாங்குகிறவர் அதை வைத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கும் அந்நியர்கள் எல்லாரையும் கவனிப்பதும் இருக்கிறது. 197 வாக்கில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் மாதம் ஒரு முறை காணிக்கை என்கிறார். முடிந்தால், மனமிருந்தால் மட்டும், கட்டாயமில்லை. செலவுப் பட்டியலையும் தருகிறார்: ஏழைகளுக்குச் சோறு, அவர்களை அடக்கம் செய்யும் செலவு, பெற்றோர் இல்லாத பிள்ளைகள், வீட்டோடு முடங்கிய முதியவர்கள், கப்பல் விபத்தில் தப்பியவர்கள், சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் அடைக்கப்பட்டவர்கள். 251இல் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றின்படி, அந்த ஒரு நகரத்தின் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் கஷ்டப்படுகிறவர்களையும் தாங்கிக்கொண்டிருந்தது. பேரேடு இல்லாமல் இதெல்லாம் நடக்காது. விசாரிக்காதே என்று இடி முழக்கம் செய்த கிறிசோஸ்தோமே இன்னொரு பிரசங்கத்தில் எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நகரத்தில் பத்தில் ஒரு பங்கு பணக்காரர்கள், பத்தில் ஒரு பங்கு ஒன்றுமே இல்லாதவர்கள், மற்றவர்கள் இடைப்பட்டவர்கள். சபையின் பட்டியலில் விதவைகளும் கன்னியருமாக மூவாயிரம் பேருக்குத் தினமும் படியளக்கிறார்கள். உள்ளவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டால் ஐம்பது பேருக்கு, ஏன் நூறு பேருக்கு, ஒரு ஏழைகூட வர மாட்டார் என்கிறார். ஆக, கணக்கு நவீனக் கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

இனி புதியவர்கள் பக்கம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1848இல் வந்த பொருளாதார நூலில் ஒரு உதவிக்கு இரண்டு விளைவு என்று பிரிக்கிறார். உதவியே செய்கிற வேலை ஒன்று, உதவி வரும் என்று நம்பியிருப்பது செய்கிற வேலை இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் நல்லது, இரண்டாவது பெரும்பாலும் கெடுதல். நல்ல பிரிப்பு, வியர்க்கும் உள்ளங்கைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கான்ட் வேறு ஆள். கடமைக்காகக் கடமை என்று சொல்லும் வறட்டு மனிதர் என்றுதான் நமக்கு அவரை அறிமுகம் செய்வார்கள். 1797இல் அவர் எழுதிய ஒழுக்க நூலில், உதவும்போது வாங்குகிறவர் தலை குனிகிறது, அதனால் அவருக்குச் சேர வேண்டியதைத்தான் கொடுக்கிறோம் என்பதுபோல, அல்லது ஏதோ சின்ன ஒத்தாசை என்பதுபோல நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறார். அதே நூலில் இன்னும் ஒரு படி போய், கொடுக்கும் வசதி சிலருக்கு இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதி அவர்களுக்குச் சாதகமாக இருந்ததால்தான், அப்படியிருக்கப் பணக்காரன் பெருமையடித்துக்கொள்ளும் அந்த உதவியை உதவி என்றே சொல்ல முடியுமா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார், அதுதான் அவரிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல்.

பீட்டர் சிங்கர் அப்படி விடுவதில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து தொண்ணூறு லட்சம் பேர் அகதிகளாகிக் கிடந்த 1971இன் கடைசியில் எழுதி 1972இல் அச்சான அவருடைய கட்டுரை ஒரு குளத்தை வைத்து நகர்கிறது. ஆழமில்லாத குளம், குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உடுப்பு சேறாகும். இறங்குவீர்களா? எல்லாரும் ஆமாம் என்போம். அப்படியானால் அந்தக் குழந்தை பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால் என்ன வித்தியாசம்? ஈடான எதையும் இழக்காமல் ஒரு கெட்டதைத் தடுக்க முடியும் என்றால் தடுத்தே ஆக வேண்டும், தூரம் ஒரு சாக்கு இல்லை என்கிறார். இந்த யோசனை வளர்ந்து பிற்பாடு அமைப்புகளாகவே ஆயிற்று. எந்தத் தொண்டு அமைப்பில் ஒரு காசுக்கு எவ்வளவு உயிர் காக்கப்படுகிறது என்று அளக்கும் கிவ்வெல் 2007இல் வந்தது. வருமானத்தில் பத்தில் ஒன்றை வாழ்நாள் முழுக்கத் தருவதாக உறுதி வாங்கும் கிவிங் வாட் வி கேன் 2009இல் ஆக்ஸ்போர்டில் ஆரம்பித்தது.

இதுவரை படித்ததை வைத்து இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்த முடியாது என்று ஆகிவிட்டது. அப்புறம் வித்தியாசம் எங்கே என்றால், சிங்கரின் அதே கட்டுரைக்குள் ஒரு இடத்தில் அது மாட்டிக்கொண்டு நிற்கிறது. தன் கருத்து அவ்வளவு புதுமையானது இல்லை என்று காட்ட அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாவை மேற்கோள் காட்டுகிறார். அக்வினா பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுக்கிறார். அதில் உள்ள வாசகம் இது: நீ பிடித்து வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பூட்டி வைத்திருக்கும் உடை உடையில்லாதவனுடையது, மண்ணில் புதைத்திருக்கும் பணம் இல்லாதவனின் விடுதலை. இடையில் அது மிலான் ஆயர் அம்புரோஸ் சொன்னதாக ஆகிவிட்டது, ஆனால் ஊற்று பசிலியாரின் பிரசங்கம். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் கிரேக்கத்தில் சொன்ன வார்த்தை, லத்தீனுக்குப் போய், ஆள் பெயர் மாறி, சட்டப் புத்தகம் ஏறி, கடைசியில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு ஆஸ்திரேலியத் தத்துவவாதி கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

வந்து சேர்ந்ததில் ஒரு விஷயம் வழியில் உதிர்ந்துவிட்டது. சிங்கருக்குப் பணம் உங்களுடையது, அதை நீங்கள் கொடுத்தாக வேண்டும். பசிலியாருக்கு அது முதலிலிருந்தே உங்களுடையது இல்லை. துணி போட்டிருந்தவனைத் துணியில்லாமல் ஆக்கினால் திருடன் என்கிறோம், துணியில்லாதவனுக்குக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்கு வேறு என்ன பெயர் என்பது அவர் கேள்வி. டிடாக்கேயும் எதையும் உன்னுடையது என்று சொல்லாதே என்கிறது. திருப்பிக் கொடுக்கிறவன் கொடையாளி ஆக மாட்டான், அதனால் பெருமைக்கும் இடமில்லை. முடிவெடுக்க வேண்டியவனுக்கு இது பெரிய வேறுபாடு. 'என் பணம் வீணாகிவிடுமோ' என்ற பயம் முதல் பார்வையில் நியாயமானது, இரண்டாவது பார்வையில் அந்த வாக்கியத்தின் முதல் சொல்லே தப்பு.

கப்பதோக்கியாவில் 368, 369 வாக்கில் கடும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்தை ஒட்டிய அதே பிரசங்கத்தில் தானியத்தைப் பதுக்கிய பணக்காரனுக்கு பசிலியார் ஒரு தகப்பனைக் காட்டுகிறார். வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை, பிள்ளைகளில் ஒன்றைச் சந்தையில் விற்றால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம். யாரை விற்பது? மூத்தவனையா, அவன் மூத்தவன் ஆயிற்றே. இளையதையா, அதற்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதே. இவன் முகத்தில் அப்பா அம்மா ஜாடை, அவன் படிப்பில் கெட்டி. விலை பேசும்போது அந்தப் பணக்காரன் இன்னும் குறைக்கப் பார்க்கிறான். கணக்குப் போடுகிறவர்களின் எந்த அட்டவணையும் எனக்கு இதைச் செய்யவில்லை. இத்தனைக்கும் அட்டவணைதான் அதிகம் பேரைக் காப்பாற்றும் என்று நான் மறுக்கவில்லை.

பழையவர்களிடம் எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. ஹெர்மாஸ் ஒரு உவமை சொல்கிறார்: பணக்காரன் எல்ம் மரம், ஏழை அதன் மேல் படரும் திராட்சைக் கொடி, இவன் சோறு போடுகிறான், அவன் பதிலுக்கு ஜெபம் செய்கிறான். இரண்டாம் கிளமெந்து என்று அறியப்படும் நூல் தர்மம் பாவச் சுமையைக் குறைக்கும் என்கிறது. கேட்க அழகாக இருந்தாலும், ஏழை இங்கே இன்னொருவன் மேலே ஏற வைத்த ஏணி ஆகிவிடுகிறான், அவன் ஏழையாகவே இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும். மலேரியா வராமலே தடுத்தால் என்ன என்று யோசிப்பவன் இந்த உவமைக்குள் அடங்க மாட்டான்.

புதியவர்களின் ஓட்டை வேறு இடத்தில். எவ்வளவு கொடுத்தாய், எத்தனை உயிர் என்பதை மட்டும் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. நிறையச் சம்பாதித்து நிறையக் கொடு என்ற வழியின் முகமாக இருந்த சாம் பேங்க்மன்-ஃப்ரைடின் கிரிப்டோ நிறுவனம் 2022 நவம்பரில் கவிழ்ந்தது, வாடிக்கையாளர் பணத்தை மோசடி செய்ததற்காக 2024இல் அவருக்கு 25 வருடச் சிறை. ஒருவரை வைத்து ஒரு கொள்கையை எடை போடக்கூடாது, சரி. ஆனால் பசிலியாரின் தம்பி நிசாவின் கிரகோரி, வட்டிக்கு விடுகிறவர்கள் இத்தனை பேர் இல்லாவிட்டால் ஏழைகளும் இத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார். கான்ட் விட்டுப்போன கேள்வியும் இதுதான். இந்த ஒரு விஷயத்தில் கிரகோரியும் கான்ட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிங்கர் கொஞ்சம் தள்ளி.

தூரம் பற்றி மட்டும் ஒரு நிஜமான சண்டை இருக்கிறது. வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் எல்லாரையும் சமமாக நேசிக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். ஆனால் எல்லாருக்கும் உதவ முடியாதே, அதனால் இடமோ காலமோ சந்தர்ப்பமோ யாரை உன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறதோ அவரைப் பார் என்கிறார். அதைச் சீட்டு விழுந்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒருவருக்கு மட்டும் போதுமான பொருள் உன்னிடம் இருந்து, சம தேவையுள்ள இரண்டு பேர் வந்தால் சீட்டுப் போட்டுத்தானே பார்ப்பாய், அது மாதிரி. பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பவரைவிட உயர்ந்தவர் என்று அவர் சொல்லவில்லை, சீட்டு அவருக்கு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். சிங்கர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பணம் உலகின் எந்த மூலைக்கும் ஒரு நொடியில் போகும் காலத்தில் பக்கம் என்பதே சும்மா பழக்கதோஷம் என்பார். இந்த மாதிரி எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கும் வாதங்களுக்கு ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் சொன்ன பதில் பிரபலம்: ஆபத்தில் இருக்கிற இருவரில் ஒருவர் உன் மனைவி என்றால், இவளைக் காப்பாற்றுவது அறத்தின்படி சரியா என்று யோசிப்பதே தேவைக்கு அதிகமான ஒரு யோசனை.

எனக்கு எது சரிப்பட்டது என்று கேட்டால், ஒன்றை எடுத்து மற்றதை விட முடியவில்லை, ஆனால் எதற்கு எது என்பது பிடிபட்டது. எவ்வளவு என்பதற்கு பசிலியார். பத்தில் ஒன்று என்ற எண்ணில் திருப்தியாக உட்கார அவர் விட மாட்டார், கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்க வைக்கிறார். அதில் பெரும் பகுதி, நான் பார்க்காத மனிதர்களுக்குப் போகும் பகுதி, கணக்குப் போடுகிறவர்கள் சொல்லும் இடத்துக்கு மாதம் பிறந்ததும் தானாகப் போய்விடுகிறது. முகம் தெரியாத இடத்தில் இரக்கத்தை நம்புவதைவிட எண்ணை நம்புவது மேல், பொதுப் பெட்டிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். மிச்சப் பகுதி சீட்டு விழுகிறவர்களுக்கு. அதில் விசாரணை இல்லை, ஆனால் அளவு உண்டு. அந்த மாதத்துக்கு ஒதுக்கியது தீர்ந்தால் தீர்ந்தது. டிடாக்கேயின் இரண்டு வரிகளும் இப்படித்தான் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்று நினைக்கிறேன், அதை எழுதியவர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ. தொகை கையை மீறிப் போனால் மட்டும் வியர்க்க விடுகிறேன், இரண்டு கேள்வி கேட்கிறேன், மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

அந்தச் சிநேகிதர் கேட்ட தொகையில் பாதிகூட என்னிடம் இல்லை. இருந்ததை மறுநாள் காலையில் அனுப்பினேன், எந்த மருத்துவமனை என்று கேட்கவில்லை. 'கிடைத்தது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து செய்தி இல்லை. அறுவை சிகிச்சை நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வாரம் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, 'மனைவி எப்படி இருக்கிறார்?' என்று தட்டச்சு செய்தேன், இது அக்கறையா விசாரணையா என்று எனக்கே தெரியாததால் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.